பிளக் மீட்டர்: பாலவாக்கத்து வீட்டுக்கு எதற்கு?

உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. பின்பக்கம் மூன்று பின்கள், முன்பக்கம் மூன்று துளைகள், மேலே ஒரு சின்னத் திரை. சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் இதைச் செருகி, இதன்மேல் கீசரையோ இஸ்திரிப் பெட்டியையோ மாட்டினால் வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், ஓடிய யூனிட் என்று எண்களை ஒவ்வொன்றாகக் காட்டும். ரிச்சி தெருக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் பல பெயர்களில், பெயரே இல்லாமலும், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கரண்ட் பில்லைக் குறைக்க உதவும் கருவி என்றுதான் இதை விற்கிறார்கள். அந்த வேலைக்கு இது சுமார் ரகம். ஆனால் கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அணைத்துக் கிடக்கும் பாலவாக்கம் மாதிரியான ஊரில் இதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. அட்டைப் பெட்டியின்மேல் அச்சடித்த விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. உப்புக் காற்றில் அரித்து உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருக்கும் பிளக் பாயிண்டை, அது கருகுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்க இந்தப் பெட்டியால் முடியும். அதற்கு மூன்று எண்களும் ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும்.

பில் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி 600 யூனிட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு யூனிட்டும் 9.65 ரூபாய், 800-ஐத் தாண்டினால் 10.70. இப்படிப்பட்ட படிக்கட்டில் எந்தக் கருவி எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வருவது நியாயம். பழைய ரெஃப்ரிஜிரேட்டரை ஒரு வாரம் இதன்மேல் ஓடவிட்டால் அதன் கணக்கு பைசா சுத்தமாகத் தெரிந்துவிடும். ஏசிக்கும் அப்படியே. அதற்குப் பிறகு தெரிந்துகொள்ள அதிகம் மிச்சமில்லை. சீலிங் ஃபேன், டியூப்லைட்டெல்லாம் பிளக்கில் மாட்டுவதே இல்லை, அதனால் அவற்றை இது அளக்கவும் முடியாது. செல்போன் சார்ஜர், ஸ்டாண்ட்பையில் கிடக்கும் டிவி போன்றவை இழுப்பது மிகவும் குறைவு. பெரும்பாலான மலிவு மீட்டர்கள் அதைப் பூஜ்யம் என்றே காட்டும். பில்லுக்காக வாங்கினால் ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும் பொருள் இது.

இதன் உண்மையான பலம், வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தனித்தனியாகக் காட்டுவதில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடம் படித்த எவருக்கும் மிச்சத்தைச் சொல்லித்தரத் தேவையில்லை. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலின் சாரம், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட். இந்த இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது ஒன்று கிடைக்கிறது: ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினால், அந்தத் தடையில் வெப்பமாக வெளியேறும் வாட். ஜேம்ஸ் ஜூல் 1841-இல் நிறுவிய விதி இது. தேர்வில் கீசருக்கும் மின்விளக்குக்கும் போட்ட அதே கணக்கைச் சுவருக்குள் இருக்கும் வயருக்கும், பிளக் பாயிண்டின் பித்தளை நாக்குக்கும் போட முடியும் என்பதை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. வீட்டில் பல மின் தீ விபத்துகளைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குதான்.

பாலவாக்கத்தில் இது ஏன் முக்கியம்? பின்னும் துளையும் தொடும் இடத்தில் இரண்டு உலோகப் பரப்புகள் முழுதாக ஒட்டுவதில்லை. சில புள்ளிகளில்தான் உண்மையாகத் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகவே பாய வேண்டும். பித்தளை நாக்கின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ பரப்பில் களிம்பு பிடித்தாலோ தொடும் புள்ளிகள் குறைந்து தடை கூடுகிறது. மதியத்துக்கு மேல் வீசத் தொடங்கும் கடற்காற்று உப்புத் துகளைச் சுமந்துவந்து எல்லாவற்றின்மீதும் படியவைக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த மெல்லிய உப்பு ஈரத்தில் செம்பும் பித்தளையும் பச்சை பூக்கும். பால்கனி கிரில், கேட் கொக்கி, ஏசியின் வெளி யூனிட் எல்லாம் துருவேறுவதை இங்கே எல்லாரும் பார்க்கிறார்கள், திட்டிக்கொண்டே பெயின்ட் அடிக்கிறார்கள். சுவிட்ச் போர்டின் உள்ளே நடக்கும் அதே அரிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மெயின் போர்டில் அலுமினிய சர்வீஸ் வயரும் செம்பு வயரும் சேரும் இடம் இன்னும் மோசம். இருவேறு உலோகங்களுக்கு நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் வேகமாகக் கரையும். மொட்டைமாடியிலும் காம்பவுண்டுச் சுவர் ஓரத்திலும் வைத்திருக்கும் மோட்டார் சுவிட்ச்களுக்கு ஆயுள் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

சோதிக்கும் முறைக்கு வருகிறேன். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று வேண்டும். அதை ஒவ்வோர் அறைக்கும் தூக்கிச் செல்லலாம். அது இழுக்கும் நாலே சொச்சம் ஆம்பியரை 6 ஆம்பியர் பாயிண்டும் தாங்கும். அதற்குள் இருப்பது வெறும் சூட்டுக் கம்பி என்பதால் கணக்கும் குழம்பாது. மீட்டரைப் பாயிண்டில் செருகுங்கள். பெட்டி அணைந்திருக்கும்போது வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் போடுங்கள். அதன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, தெர்மோஸ்டாட் துண்டிப்பதற்குள், வோல்ட்டையும் ஆம்பியரையும் குறியுங்கள். முதல் வோல்ட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வந்ததை ஆம்பியரால் வகுத்தால், தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அந்தப் பாயிண்டின் நாக்கு வரைக்கும் உள்ள பாதையின் தடை ஓமில் வரும். தெருவில் வேறு யாரோ மோட்டார் போட்டாலும் வோல்ட் ஆடும் என்பதால், பெட்டியைச் சில தடவை போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தால் வரும் ஆட்டம் தடவைக்குத் தடவை மாறும். நம் வயரிங்கால் வரும் வித்தியாசம் மாறாமல் நிற்கும்.

எண்களோடு பார்த்தால் பிடிபடும். ஓர் அறையில் சுமை இல்லாதபோது 229.4 வோல்ட், பெட்டியைப் போட்டதும் 227.6 வோல்ட், 4.30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.8 வோல்ட், 4.30-ஆல் வகுத்தால் 0.42 ஓம். இதில் பயப்பட ஒன்றுமில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஏழரை ஓம் தடை உண்டு. மெயின் போர்டிலிருந்து 15 மீட்டர் தள்ளியிருக்கும் பாயிண்டுக்குப் போக 15, வர 15 என்று 30 மீட்டருக்கு 0.22 ஓம் அதிலேயே போய்விடும். மிச்சம் சர்வீஸ் வயருக்கும் தெரு லைனுக்கும். இப்போது அதே சர்க்யூட்டில் பக்கத்துப் பாயிண்டில் அதே சோதனை. பெட்டியைப் போட்டதும் 225.2 வோல்ட், 4.26 ஆம்பியர். வித்தியாசம் 4.2 வோல்ட், தடை 0.99 ஓம். இரண்டு பாயிண்டுகளுக்கும் வயர் ஒன்று, தூரமும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் கூடுதலாக வந்த 0.57 ஓம் அந்த ஒரு பாயிண்டுக்குள், நாக்கிலோ பின்னால் வயரை முறுக்கிய ஸ்க்ரூவிலோ, ஒளிந்திருக்கிறது.

அரை ஓம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஜூலின் கணக்கைப் போட்டால் அது அற்பமில்லை. இஸ்திரிப் பெட்டியின் 4.26 ஆம்பியரில் அந்த இணைப்பில் 10 வாட் வெப்பம் பிறக்கிறது. 2000 வாட் கீசர் இழுக்கும் எட்டு ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டத்தில் அதே இணைப்பு ஏறத்தாழ 40 வாட் கக்கும். ஓட்டம் இரட்டித்தால் சூடு நாலு மடங்காகும், வர்க்கம் என்பதால். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகச் சூட்டை ஒரு பிளாஸ்டிக் போர்டுக்குள், காற்றோட்டமே இல்லாத சுவர்க் குழிக்குள், ஒரு பித்தளை நாக்கில் குவிப்பதற்குச் சமம் இது. சூடேறினால் ஸ்பிரிங் இன்னும் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும், கூடினால் சூடு இன்னும் ஏறும். டாப் பின்னில் ஒரு கால் மட்டும் பழுப்பேறியிருப்பதும், போர்டின் துளையோரம் மஞ்சளடித்திருப்பதும், மழைக்காலத்தில் மீன்வாடை மாதிரி ஒரு கருகல் நெடி வருவதும் இந்தச் சுழலின் கடைசிக் கட்டங்கள். மீட்டர் முதல் கட்டத்திலேயே சொல்லிவிடும்.

இந்த 40 வாட்டால் பில் எகிறுமா என்று கேட்டால், இல்லை. கீசர் தினமும் அரைமணி நேரம்தான் ஓடும். அதே பாயிண்டில் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடி, 32 வாட் வீணாகிறது என்றால்கூட இரண்டு மாதத்தில் 15 யூனிட்டுதான். பில்லில் 150 ரூபாய் கூடியிருப்பதை யாரும் கவனிக்கப்போவதில்லை. யூனிட்டை மட்டும் பார்க்கிறவர் இந்தக் கோளாறை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பணத்தில் சிறிதாகவும் ஆபத்தில் பெரிதாகவும் இருக்கும் கோளாறு இது. அதைப் பிடிக்கும் எண் வோல்ட். திரையில் பெரிய எழுத்தில் மின்னும் வாட் அதற்கு உதவாது.

வோல்ட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. லோ வோல்டேஜ் வந்தால் கீசர் அதிக யூனிட் இழுக்கும் என்பார்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் என்று குறித்த கீசரின் கம்பி 26.45 ஓம். 210 வோல்ட்டில் அது 1667 வாட்டுக்கு இறங்கும். பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக, 0.47 யூனிட் தேவை. முழு வோல்ட்டில் அது 14 நிமிடம், குறைந்த வோல்ட்டில் 17 நிமிடம். யூனிட் ஏறக்குறைய அதேதான். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறைவதால் இணைப்புகளில் சூடும் குறையும். இன்வெர்ட்டர் ஏசி நேர்மாறாக நடந்துகொள்கிறது. அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்று தனக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது இழுத்துக்கொள்ளும். 1500 வாட் வேண்டுமென்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர், 200 வோல்ட்டுக்கு இறங்கினால் ஏழரை ஆம்பியர். ஓட்டத்தின் வர்க்கக் கணக்கில், அரித்துப்போன இணைப்பில் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த இணைப்பே வோல்ட்டைத் தின்றால் ஏசி இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். மே மாத இரவுகளில், தெரு முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் தாழ்ந்திருக்கும் நேரத்தில், மணிக்கணக்காக இது நடக்கிறது. பழைய கீசர் பாயிண்டைவிட புது ஏசி பாயிண்டை முதலில் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

ஏசியை மீட்டர்மேல் மாட்டி அதன் வோல்ட்டையும் ஆம்பியரையும் நேராக வகுத்துப் பார்ப்பதில் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓமின் கணக்கு நேர்மையாகப் பொருந்துவது கீசர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற சூட்டுக் கம்பிகளுக்கு. மோட்டாரும் மின்னணுச் சுற்றும் உள்ள கருவிகளில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. பழைய ரெஃப்ரிஜிரேட்டரில் திரை 230 வோல்ட், 1 ஆம்பியர் என்று காட்டினால் பெருக்கல் 230 வரும்; ஆனால் வாட் பக்கத்தில் 150 என்றுதான் நிற்கும். பவர் ஃபேக்டர் 0.65 என்று திரை சொல்வது இந்த விகிதத்தைத்தான். வீட்டு இணைப்புக்கு வாட் கணக்கில்தான் யூனிட் ஓடுகிறது என்பதால் இதனால் பில்லுக்குக் கேடில்லை. 'பவர் சேவர்' என்று சொல்லி விற்கும் கெபாசிட்டர் பெட்டிகளை வீட்டில் மாட்டிப் பயனில்லை என்பதையும் இந்த மீட்டரே நிரூபித்துவிடும்: பெட்டியை மாட்டினால் ஆம்பியர் மாறலாம், வாட் குறையாது.

எம்.சி.பி. இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, கோளாறு என்றால் டிரிப் ஆகாதா என்பது பலரும் எழுப்பும் மறுப்பு. ஆகாது. எம்.சி.பி. பார்ப்பது அளவுக்கு மீறிய ஓட்டத்தை. அரித்த இணைப்போ ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது. ஆர்.சி.சி.பி. பார்ப்பது ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பாமல் எர்த்துக்குக் கசிகிறதா என்பதை; இங்கே போனது அத்தனையும் ஒழுங்காகத் திரும்பிவருகிறது, நடுவில் சூடேற்றிவிட்டு. இரண்டும் உயிர் காக்கும் கருவிகள், இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தக் குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் அவற்றுக்குக் கண் இல்லை.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஓமை நேராகவே அளந்துவிடலாமே என்பது இன்னொரு மறுப்பு, கொஞ்சம் கனமானது. மல்டிமீட்டர் ஓம் அளப்பது பேட்டரியின் மிகச் சிறிய ஓட்டத்தை வைத்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு. அரை ஓமைத் தேடும்போது அதன் சிவப்பு, கறுப்பு வயர்களின் தடையே குறுக்கே நிற்கும். தளர்ந்த நாக்கு சூடேறும்போது நடந்துகொள்ளும் விதமும் குளிர்ந்திருக்கும்போது நடந்துகொள்ளும் விதமும் வேறு. நோயாளி ஓடும்போது நாடி பார்ப்பதுதான் இங்கே தேவை. பிளக் மீட்டர் அதைச் செய்கிறது, போர்டைத் திறக்காமல், வெறும் செருகலோடு. வீட்டிலுள்ளவர்களே பாதுகாப்பாகச் செய்யக்கூடிய சோதனை என்பது இதன் பெரிய தகுதி. கண்டுபிடித்த பிறகு போர்டைத் திறப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேனின் வேலை.

ஈ.பி. மீட்டரே வோல்ட்டும் காட்டுகிறது, யூனிட்டும் காட்டுகிறது, தனியாக ஒன்று எதற்கு என்றும் கேட்கலாம். அது வாசலில் இருக்கிறது. வாசலுக்கு உள்ளே எந்த இணைப்பில் வோல்ட் தொலைகிறது என்று அதற்குத் தெரியாது. ஆனால் அது 1.0 வகுப்புத் துல்லியம் கொண்ட கருவி. வாங்கிய பிளக் மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி வீட்டில் இல்லை. முகப்பில் 3200 என்று துடிப்பு எண் அச்சிட்டிருந்தால், சிவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் சுமை மட்டும் ஓடும்போது பத்துச் சிமிட்டலுக்கு 11.25 விநாடி ஆக வேண்டும். பிளக் மீட்டர் காட்டும் வாட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். சில சதவீதம் விலகினாலும் கவலை வேண்டாம். நமக்குத் தேவை இரண்டு வோல்ட்டுகளுக்கு இடையிலான வித்தியாசம். ஒரே மீட்டர் இரண்டையும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டினால் 4.2 வோல்ட் 4.3 ஆகும், அவ்வளவுதான். தீர்ப்பு மாறாது.

முக்கியமான கட்டுப்பாடு தெளிவுத்திறன். சில மாடல்கள் வோல்ட்டை முழு எண்ணாக மட்டும் காட்டும்: 229, 228, 227. நாலு ஆம்பியர் சுமையில் ஒரு வோல்ட் என்பது கால் ஓமுக்குச் சமம். அதில் நல்ல பாயிண்டையும் கெட்ட பாயிண்டையும் நம்பிப் பிரிப்பது கடினம். தசமப் புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் காட்டும் மாடல் 0.02 ஓம் வரைக்கும் கண்டுபிடிக்கும். ரிச்சி தெருவில் கேட்டு வாங்கக்கூடிய பீசெம்-004டி என்ற மாட்யூலும் 0.1 வோல்ட் அளவுக்குக் காட்டும். ஆனால் அது பெட்டியில்லாத திறந்த சர்க்யூட், 230 வோல்ட் நேரடியாக வரும் முனைகளோடு. மின்னணுவில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல பொருள், வீட்டுச் சோதனைக்கு வேண்டாம்.

ஸ்மார்ட் பிளக்குகளை இதற்கு மாற்றாக நினைப்பவர்கள் உண்டு. தினசரி யூனிட்டைப் பதிவு செய்து போனில் வரைபடமாகக் காட்டுவதில் அவை சாதா மீட்டரை வென்றுவிடும். வேலைக்குப் போனபின் கீசரை அணைக்கவும் உதவும். ஆனால் பல ஆப்கள் வாட்டையும் யூனிட்டையும் மட்டும் காட்டி, வோல்ட்டையும் ஆம்பியரையும் மெனுவுக்குள் புதைக்கின்றன அல்லது காட்டுவதே இல்லை. காட்டினாலும் சில விநாடி தாமதம். எந்நேரமும் வைஃபையில் இருப்பதால் தானே ஒரு வாட் அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் ரிலே இன்னொரு தொடுமுனை. அரித்த பாயிண்டில் அதை மாட்டி ஏசியை ஓட்டுவது ஒரு பலவீனமான இணைப்பை இரண்டாக்குவது. பாயிண்டைச் சோதித்த பிறகு ஸ்மார்ட் பிளக் மாட்டலாம், முன்பே கூடாது. சாதா மீட்டருக்கும் இதே விதிதான்: அளந்ததும் கழற்றிவிடுங்கள்.

மீட்டர் சொல்லாதவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. கடலோரப் போர் தண்ணீரில் கீசர் கம்பியில் உப்புப் படை ஏறினாலும் கம்பியின் ஓம் பெரிதாக மாறாது. 26 ஓம் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்பதும் இதற்குத் தெரியாது. அளப்பது மீட்டரின் பின்னுக்கும் சுவர் நாக்குக்கும் இடையிலான தொடுதலை. கருவியின் சொந்த டாப் பின் அரித்திருந்தால் அது கணக்கில் வராது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். மல்டிபிளக்கில் மாட்டி அளந்தால் மல்டிபிளக்கின் தடையும் சேர்ந்துகொள்ளும். அதையே தனியாகச் சோதிக்கும் வழியாகவும் அதைப் பயன்படுத்தலாம். பத்து ஆண்டு பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் பல இந்தச் சோதனையில் தோற்கும்.

வீட்டின் எல்லாப் பாயிண்டுகளும் ஒரேபோல ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் குற்றம் பாயிண்டுகளில் இல்லை. மெயின் போர்டிலோ சர்வீஸ் வயரிலோ இருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஓர் அறையில் மீட்டரை வைத்துவிட்டு வேறு ஃபேஸிலுள்ள கீசரைப் போடும்போது, இங்கே வோல்ட் இறங்குவதற்குப் பதில் ஐந்து பத்து என்று ஏறினால், அது நியூட்ரல் கைவிடத் தொடங்கியதற்கான அடையாளம். நியூட்ரல் முழுதாக விட்டுப்போனால் ஒரு ஃபேஸ் முந்நூறு வோல்ட்டையும் தாண்டி ஏறி டிவியையும் ரெஃப்ரிஜிரேட்டரையும் எரித்துவிடும். அந்த அறிகுறி தெரிந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 எண்ணில் அழைக்க வேண்டும். இந்த ஒரு எச்சரிக்கைக்கே மீட்டரின் விலை தகும் என்பேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பாயிண்டுக்குப் பொருந்தும் இந்தியப் பின்கள் (ஏசி, கீசர் பாயிண்டுக்கு 16 ஆம்பியர்) இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பின்னுக்கு அடாப்டர் மாட்டி ஓட்டும் மாடல்கள் வேண்டாம், அடாப்டரே ஒரு தளர்ந்த இணைப்பு. வோல்ட்டில் ஓரிலக்கத் தசமம், ஆம்பியரில் ஈரிலக்கத் தசமம் கட்டாயம். பின்னொளி இருந்தால் கட்டிலுக்குப் பின்னாலும் சமையல் மேடைக்குக் கீழும் படிக்க எளிது. வைஃபை, ஆப், விலை கணக்கிடும் பட்டன் எதுவும் தேவையில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதும் இல்லை. ஓர் அபார்ட்மென்டுக்கு ஒன்று போதும், சங்கச் செலவில் வாங்கி வாட்ச்மேன் அறையில் வைத்து வீடு வீடாகக் கொடுக்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை, ஏசி காலம் தொடங்குமுன் மார்ச்சில் ஒருமுறை எல்லாப் பாயிண்டுகளையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பக்கத்துப் பாயிண்டைவிட அரை ஓம் கூடுதலாகக் காட்டும் எதையும் அந்த வாரமே வயர்மேனை அழைத்து மாற்றிவிடுங்கள். ஐ.எஸ். 1293 முத்திரையுள்ள நல்ல 16 ஆம்பியர் சாக்கெட்டின் விலை, ஏசிக்கு ஒருமுறை கேஸ் நிரப்பும் செலவைவிட மிகக் குறைவு.